லாபி சோபாவில் ஒரு கப்பல்

“படிச்சுப்போட்டீங்க! நான் இல்லாம படிச்சுப்போட்டீங்க!”

“இல்லைங்கறேன்ல அபிபு, ஒரே ஒரு பக்கம், சும்மா—”

“ஒரு பக்கமா? அடையாளத்துக்கு வெச்ச பஸ் டிக்கெட் முந்தாநேத்து நூத்திப் பன்னெண்டுல இருந்துது, இன்னைக்கு நூத்தி இருபத்தொம்பதுல—”

“அது காத்துல நவுந்திருக்கும் கண்ணு—”

“மூடி வெச்ச புத்தகத்துக்குள்ள எந்தக் காத்துங்கக்கா போகும்?”

ஐம்பத்தேழு வயதில் இப்படிக் கையும் களவுமாகப் பிடிபட்டு ராசாத்தாளுக்குப் பழக்கமில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவளும் அவளேதான். லாபி சோபாவில் வந்து உட்கார்ந்ததும் உட்காராததுமாக, ‘பாவம் அபிபு அந்தத் தச்சன், தீவுல தனியா எறக்கி உட்டுட்டுப் போயிட்டாங்க’ என்று பெருமூச்சு விட்டுவிட்டாள். தச்சனைத் தீவில் இறக்கிவிடுவது நூற்று இருபத்தேழாம் பக்கத்தில். இருவரும் சேர்ந்து படித்து நிறுத்தியதோ நூற்றுப் பன்னிரண்டில்.

“ஒப்பந்தம் என்னங்க?” ஹபீபுன்னிசா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். “ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துதான் பக்கம் திருப்பறது. சொன்னது யாரு?”

“நாந்தான் சொன்னேன். நேத்து நீ வரலையே!”

“நேத்து லாஸ்யா மேடம் வீட்டுல விருந்தாளிங்க. எட்டுப் பேருக்குச் சமையல். நான் அங்க சட்டியக் கழுவிட்டிருக்கேன், நீங்க இங்க கப்பலை ஓட்டிட்டுப் போயிட்டீங்க. இது என்ன தெரியுங்களா? திஸ் இஸ் மியூட்டினி!”

மியூட்டினி என்றால் கப்பலில் மாலுமிகள் தலைவனை எதிர்த்துக் கிளம்புவது. பதினெட்டாம் பக்கத்திலேயே வந்த வார்த்தை. அதைத் தன்னைப் பார்த்தே சொன்னதும் ராசாத்தாளுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது.

“மியூட்டினியா? என்னையா சொன்னே? ஐ வில் ஹேங் யூ ஃப்ரம் த யார்ட் ஆர்ம், சார்!”

உன்னைப் பாய்மரக் கட்டையில் தொங்கவிடுவேன் என்று அர்த்தம். புத்தகத்தில் வரும் கேப்டன் டன்மோர் கோபம் வந்தால் சொல்வது. டன்மோருக்குக் காற்றையும் அலையையும் தாண்டிக் கத்த வேண்டியிருந்தது. ராசாத்தாளுக்கு அப்படி ஒன்றுமில்லை. ஆனால் சோமனூரில் முப்பது வருஷம், இருபத்து நாலு தறிகள் ஒன்றாக ஓடுகிற சத்தத்துக்கு மேல் பேசிப் பேசிப் பழகிய தொண்டை அது. மெல்லப் பேசுவது என்றால் என்ன என்று அந்தத் தொண்டைக்குத் தெரியாது.

லாபியை ஒட்டிய வீட்டின் கதவு திறந்தது. காதில் மாட்டிய ஹெட்போனோடு பிரத்யுஷா எட்டிப் பார்த்தாள். ஐ.டி. கம்பெனியில் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தேதான். முகம் வெளிறியிருந்தது.

“ஆன்ட்டி, ப்ளீஸ்! கிளையன்ட் கால்ல இருக்கேன். யாரைத் தூக்குல போடறாங்கன்னு கேக்கறாங்க.”

கதவு மூடியது. தோழிகள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது ஹபீபுன்னிசா. வாயைத் தலைப்பால் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள்.

“சரி, நூத்திப் பதிமூணு எடுங்க,” என்றாள். “எனக்குத் தெரியாத மாதிரியே படிக்கிறேன். நீங்களும் தெரியாத மாதிரியே கேக்கணும்.”

அந்தப் புத்தகத்துக்குப் பெயர் இல்லை. அதாவது, இருந்திருக்கும், அட்டையும் முதல் நாலு தாள்களும் போயிருந்தன. யாரோ வீடு காலி செய்தபோது குப்பை அறைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போன அட்டைப் பெட்டியில், உடைந்த மிக்சி ஜாருக்கும் யோகா பாய்க்கும் நடுவில் கிடந்தது. உள்ளே ஒரு பாய்மரக் கப்பல் படம். அந்தப் படத்துக்காகத்தான் ராசாத்தாள் எடுத்தாள்.

தறிகளைக் கொடுத்துவிட்டு, மகன் கிருபாசங்கர் சரவணம்பட்டியில் வாங்கிப்போட்ட இந்த ஐந்தாம் மாடி வீட்டுக்கு அவளும் கணவர் செங்கோட்டையனும் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. எண்பத்து நாலு வீடுகள். பெங்கால்காரர், கேரளக்காரர், டெல்லிக்காரர் என்று எல்லாரும் இருக்கிறார்கள். ஆகவே லிஃப்டில் இங்கிலீஷ், வாட்ஸப்பில் இங்கிலீஷ், தண்ணீர் வராவிட்டாலும் இங்கிலீஷ். மகன் போனில் ஒரு பாடம் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். அதில் ஒரு கிளி வந்து, ‘திஸ் இஸ் ஆன் ஆப்பிள்’ என்றது. மறுநாளும் ஆப்பிள் என்றது. மூன்றாம் நாள் ராசாத்தாள் கிளியை அணைத்துவிட்டாள்.

“ஆப்பிளத் தெரிஞ்சு நான் என்ன பண்றது? நாலு பேரு அடிச்சுக்கற மாதிரி ஏதாச்சும் இருந்தாத்தானே மண்டையில ஏறும்?”

இந்தப் பெயரில்லாத புத்தகத்தில் அடித்துக்கொண்டே இருந்தார்கள்.

ஹபீபுன்னிசா அவள் வீட்டு வேலைக்காரி இல்லை. பி பிளாக்கில் இரண்டு வீடுகளில் சமைப்பவள். முதல் வீட்டில் பதினொரு மணிக்கு முடியும். இரண்டாவது வீட்டில் பன்னிரண்டரைக்கு ஏறினால் போதும். நடுவிலுள்ள ஒன்றரை மணி நேரத்தை லாபி சோபாவில் கழிப்பாள். ஒருநாள் பக்கத்தில் ராசாத்தாள் இந்தப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, “அது ‘க்னாட்’ இல்லைங்கக்கா, ‘நாட்’. கப்பலோட வேகம்,” என்றாள். பத்தாவது வரை இங்கிலீஷ் மீடியம். பதினொன்றில் சேர வேண்டிய மாதத்தில் நிக்காஹ் ஆகிவிட்டது.

“நம்ம ஊட்டுக்கு வந்து ஃபேனுக்கடியில உக்காந்து படிக்கலாமே கண்ணு,” என்று ராசாத்தாள் கூப்பிட்டுப் பார்த்தாள்.

“வேண்டாங்கக்கா. வீட்டுக்குள்ள வந்தா வேலைக்கு வந்த மாதிரி ஆயிரும். இங்க உக்காந்தாத்தான் படிக்க வந்த மாதிரி.”

அதனால்தான் லாபி.

அன்றன்றைக்குப் படித்த வார்த்தையை அன்று சாயங்காலத்துக்குள் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்பது இரண்டாவது ஒப்பந்தம். எல்லாரும் மேல்தளத்துக்கு ஓடி வாங்க என்கிற ‘ஆல் ஹாண்ட்ஸ் ஆன் டெக்’ வந்த அன்று, ராசாத்தாள் அதைக் கொடியில் துணி காயும்போது மழை வந்ததும் கணவரைப் பார்த்துக் கத்தினாள். அவர் பயந்து இரண்டு கையையும் மேலே தூக்கினார். ‘நோ குவார்ட்டர்’ வந்த அன்று அவர் ரொம்ப நேரம் வாட்டமாக உட்கார்ந்திருந்தார். எதிரிக்கு உயிர்ப்பிச்சை கிடையாது என்பது அதன் அர்த்தம் என்று விளக்கிச் சொன்ன பிறகுதான் முகம் தெளிந்தது.

ஒரு சிக்கல் மட்டும் ராசாத்தாளுக்குத் தீரவேயில்லை.

“ஏன் அபிபு, இந்த இங்கிலீசுல ‘ங்க’ எங்க இருக்குது?”

“அதுல கிடையாதுங்கக்கா.”

“கிடையாதா? அப்புறம் பெரியவங்கள எப்படிப் பேசறது? மொட்டையா வா, போன்னா?”

“ப்ளீஸ்னு ஒண்ணு இருக்குது. ஆனாக் கப்பல்ல யாரும் அதைச் சொல்றதில்லை.”

ராசாத்தாள் இரண்டு நாள் யோசித்தாள். பிறகு அவளே கண்டுபிடித்தாள். மாலுமிகள் எதைச் சொன்னாலும் கடைசியில் ‘சார்’ என்று முடிக்கிறார்கள். ஐ ஐ சார், நோ சார், லேண்ட் சார். அப்படியானால் அதுதான் இங்கிலீஷ்காரனுடைய ‘ங்க’. அன்றிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த எல்லா இங்கிலீஷும் ‘சார்’ என்றே முடிந்தது, ஆணோ பெண்ணோ. லிஃப்டில் ஏழாம் மாடிப் பெங்காலி அம்மாவைப் பார்த்து, “கெட் அவுட் ஆஃப் மை வே, சார்,” என்று அவ்வளவு பணிவாகச் சொன்னாள். அந்தம்மாவும் பதிலுக்குக் கைகூப்பிவிட்டுத்தான் நகர்ந்தாள்.

தச்சன் தீவுக்குப் போன அந்தச் சண்டை நடந்தது திங்கட்கிழமை. வெள்ளிக்கிழமை காலையில் லிஃப்டுக்குள் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. ராசாத்தாள் அதை எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் லிஃப்ட் இரண்டு முறை மேலும் கீழும் போய் வந்துவிட்டது. ஞாயிறு பொதுக்கூட்டத்தில் வைக்கப்போகிற விஷயங்கள். நாலாவது: வீட்டு வேலைக்கு வருபவர்கள் லாபி சோபாவிலும் மற்ற பொது இடங்களிலும் உட்காரக் கூடாது. முன்மொழிந்தவர் செயலாளர் உதய். வழிமொழிந்தவர் திரு. செங்கோட்டையன், ஏ-503.

ராசாத்தாள் மூன்றாம் முறையும் அந்தப் பெயரைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஐந்தாம் மாடிப் பொத்தானை அழுத்திய அழுத்தில் அது உள்ளே போய்ச் சிக்கிக்கொண்டது.

“ஏனுங்க! இங்க வாங்க சித்த!”

“வாரேன், வாரேன். என்ன அம்மிணி, காலங்காத்தால?”

“அந்தத் தாள்ல உங்க பேரு எப்படி வந்துச்சு?”

செங்கோட்டையன் பேப்பரை மடித்து வைத்தார். “எந்தத் தாளு? ஓ, அதுவா. புதங்கெழமை நீ காய் வாங்கப் போயிருந்தியே, அப்ப நம்ம உதய் தம்பி வந்துது. பிரத்யுஷாப் பொண்ணு ஏதோ சத்தம்னு கம்ப்ளெய்ன்ட் குடுத்திருக்குதாம். சும்மா ஒரு கையெழுத்து அங்கிள்னு நீட்டுச்சு. போட்டேன்.”

“படிச்சீங்களா?”

“படிச்சுது அது. எனக்குச் சொல்லுச்சு.”

“சொன்னது புரிஞ்சுதா?”

“புரியாம என்ன? எனக்கும் அது அவ்வளவாப் பிடிக்கலைதான்.”

“பிடிக்கலையா! பிடிக்காமையா கையெழுத்துப் போட்டீங்க?”

“அடக் கேளு. காப்பி குடுத்திருந்தேன். பாதி டம்ளர்கூடக் குடிச்சு முடிக்கலை. நம்மூட்டுக்கு வந்து, நம்ம நாற்காலில உக்காந்து, நம்ம காப்பியக் கையில வெச்சிருக்கற மனுசனைப் பாத்து முடியாதுன்னு எப்படி அம்மிணி சொல்றது? நீதான் சொல்லுவியா?”

ராசாத்தாளும் சொல்லியிருக்க மாட்டாள். அதுதான் எரிச்சலாக இருந்தது. அவள் பிறந்த வீட்டிலும் புகுந்த வீட்டிலும் வாசல் தாண்டி வந்தவருக்கு ‘இல்லை’ என்று யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. தறியை விலைக்குக் கேட்டு வந்தவனுக்கே, மனசே இல்லாமல், இரண்டு தோசை சுட்டுப் போட்டுப் ‘பாக்கலாமுங்க’ என்றவள்தான் அவள்.

“கத்துனது நானு,” என்றாள் கடைசியில். “உக்காரக் கூடாதுங்கறது அவளையா?”

பதினொரு மணிக்கு லாபி சோபா காலியாக இருந்தது. பதினொன்றரைக்கும் காலிதான். புத்தகத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ராசாத்தாள் தேடிப் போனாள். பேஸ்மென்ட்டில், மோட்டார் ரூம் பக்கத்தில், கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவின் மேல் ஹபீபுன்னிசா உட்கார்ந்திருந்தாள். கார்ப் புகை நாற்றம். மடியில் டிபன் டப்பா.

“இங்க என்ன கண்ணு பண்றே? இன்னும் கூட்டமே நடக்கலை. ரூல் வரலை.”

“வந்துட்ட மாதிரிதாங்கக்கா. காலையில செக்யூரிட்டி அண்ணனே ஒரு பார்வை பாத்தாரு.”

“ஞாயித்துக்கெழமை நான் பேசறேன் பாரு.”

“வேண்டாங்க.” டப்பாவை மூடினாள். “என் பேரை எடுக்காதீங்க. லாஸ்யா மேடம், உதய் சார் வீட்டம்மா. அவங்க வீட்டுலதான் நான் சமைக்கிறேன். நீங்க பேசிட்டு மேல போயிருவீங்க. நான் மறுநாள் அங்க போயி அடுப்பப் பத்த வெக்கணும்.”

“அப்ப புத்தகம்?”

“நீங்க படிச்சுக்கங்க. முழுசும். இனிமே யாரு கேக்கப் போறாங்க?”

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் ராசாத்தாளும் நாலு வார்த்தை திருப்பிச் சொல்லியிருப்பாள். சாதாரணமாகச் சொன்னாள். மேலே வந்த ராசாத்தாள் புத்தகத்தை டி.வி. மேஜையில் வைத்தாள். சண்டைக்குப் பிறகு மூன்று நாளில் இருவரும் சேர்ந்து நூற்று நாற்பத்து மூன்று வரைக்கும் வந்திருந்தார்கள். தீவில் தச்சன் பிக்ஸ்பி தனியாக நின்று தூரத்தில் ஒரு கப்பலின் பாயைப் பார்க்கிறான். நண்பனா பகைவனா தெரியவில்லை. அந்த இடத்தில் பஸ் டிக்கெட் இருந்தது. சனிக்கிழமை முழுக்க ராசாத்தாள் அந்த மேஜையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பக்கத்தைத் திருப்பவில்லை. பழைய பக்கங்களைத்தான் புரட்டினாள். கேப்டன் யாரிடம் எப்படி முடியாது என்று சொன்னார் என்பதை ஒரு காலண்டர் தாளின் பின்னால் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாள். அந்த ஆளுக்கு முடியாது என்று சொல்வதற்கு இருபத்து மூன்று விதம் இருந்தது. ஒன்றில்கூடக் காப்பி இல்லை.

“கூட்டத்துல தமிழ்லயே பேசேன்,” என்றார் செங்கோட்டையன்.

“தமிழ்ல வாயத் தொறந்தா நானும் பாக்கலாமுங்கன்னுதான் சொல்லுவேன். எனக்குத் தெரியாதா என்னை?”

ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளப் ஹவுசில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசை வரிசையாகப் போட்டிருந்தார்கள். எண்பத்து நாலு வீட்டில் வந்தது நாற்பது பேர் இருக்கும். பின்பக்கச் சுவரோரம் ஒரு மேஜை. அதில் சுண்டலும் டீ ஃபிளாஸ்க்கும். அதற்குப் பின்னால் நின்றவள் ஹபீபுன்னிசா. லாஸ்யா வரச் சொல்லியிருந்தாள். ராசாத்தாள் உள்ளே வந்தபோது அவள் தலையை லேசாக ஆட்டினாள். வேண்டாம் என்று அர்த்தம். ராசாத்தாள் பார்க்காத மாதிரி மூன்றாம் வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

தண்ணீர், பார்க்கிங், நாய். உதய் மைக்கைப் பிடித்து ஒவ்வொன்றாக இங்கிலீஷில் படித்தான். நல்ல பையன்தான். ராத்திரி இரண்டு மணிக்கு லிஃப்ட் நின்றாலும் ஓடி வருவான். நாலாவது விஷயத்துக்கு வந்தான். வழிமொழிந்தவர் பெயரையும் படித்தான். “எனி அப்ஜெக்ஷன்ஸ்?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தாளைத் திருப்பினான்.

“அவாஸ்ட், சார்!”

நிறுத்து என்று அர்த்தம். அது அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் சொன்ன தொண்டை அப்படி, எல்லாரும் நிறுத்தினார்கள். சுண்டல் மென்றுகொண்டிருந்தவரும் நிறுத்தினார்.

ராசாத்தாள் எழுந்து நின்றாள். காலண்டர் தாளைக் கையில் விரித்தாள். உதய் மைக்கை நீட்டினான். அவள் வேண்டாமென்று கையசைத்தாள், அவசியமும் இல்லை.

“ஐ மேட் த நாய்ஸ், சார். மன்டே. லெவன் ஓ கிளாக். ஐ செட், ஐ வில் ஹேங் யூ.”

“ஆன்ட்டி, அது…”

“சைலன்ஸ் ஃபோர் அண்ட் ஆஃப்ட், சார்!”

கப்பலின் முன்னும் பின்னும் வாயை மூடு என்பது. உதய் வாயை மூடினான்.

“ஐ ஆம் த மியூட்டினி. நாட் ஹர். யூ பனிஷ் மீ. புட் மீ இன் அயர்ன்ஸ். பட் யூ டேக் ஹர், அண்ட் யூ… யூ…” எனக்கு விலங்கு மாட்டு என்பது வரை வந்துவிட்டாள், அடுத்த வார்த்தை வரவில்லை. தச்சனைத் தீவில் இறக்கிவிட்டுப் போனார்களே, அதற்கு ஒரு வார்த்தை இருந்தது. வியாழக்கிழமைகூட அவளே அதைச் சொன்னாள். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் எழுதவில்லை.

“மரூன்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

நாற்பது தலைகளும் திரும்பின. ஹபீபுன்னிசா கையில் டீக் கரண்டியோடு, தான்தான் பேசினோமா என்பது போல நின்றாள்.

“மரூன்!” என்றாள் ராசாத்தாள், தொலைத்ததைக் கண்டெடுத்தவளாக. “யூ மரூன் ஹர், சார்!”

உதய் புன்சிரிப்போடு, சமாதானமாகக் கையை விரித்தான். “ஆன்ட்டி, டேக் இட் ஈசி. வீ ஆர் ஆல் இன் த சேம் போட்.”

அந்த வாக்கியம் எழுபத்தாறாம் பக்கத்தில் இருந்தது. எல்லாரும் ஒரே படகில்தான் இருக்கிறோம், எல்லார் கஷ்டமும் ஒன்றுதான் என்பது. அதைச் சொன்ன கேப்டனுக்கு அதே பக்கத்தில் தச்சன் சொன்ன பதிலும் ராசாத்தாளுக்கு ஞாபகம் இருந்தது. ஆனால் அவள் வாயில் வந்தது அது இல்லை. அது எந்தப் பக்கத்திலும் இல்லை.

“நோ, சார். யூ ஆர் இன் த போட். ஷீ இஸ் இன் த வாட்டர்.”

முதல் வரிசையில் பிரத்யுஷா எழுந்தாள்.

“நான் சத்தத்தைப் பத்தித்தான் மெயில் போட்டேன்,” என்றாள் தமிழிலேயே. “உக்காரக் கூடாதுன்னு எங்கயும் எழுதலை. அப்புறம், அந்தக் கிளையன்ட் இன்னும் கேட்டுட்டே இருக்காங்க. அந்தக் கதைல அப்புறம் என்ன ஆச்சுன்னு.”

யாரோ சிரித்தார்கள். பெங்காலி அம்மா கைதட்டினாள். உதய் தாளைப் பார்த்தான். “பட் அங்கிள்தானே செகண்ட் பண்ணியிருக்காரு? கையெழுத்து இருக்குதே.”

செங்கோட்டையன் மெல்ல எழுந்தார். வேட்டியைச் சரிசெய்தார். தொண்டையையும்.

“தம்பி, அன்னைக்கு நீங்க எங்கூட்டுல காப்பி குடிச்சுட்டிருந்தீங்க. அப்ப எப்படீங்க இல்லைங்கறது? இது எங்கூடு இல்லீங்க. இப்பச் சொல்றனுங்க. வேண்டாமுங்க.”

சொல்லிவிட்டு, ஏதோ தப்புச் செய்தவர் போலச் சட்டென்று உட்கார்ந்துகொண்டார்.

கை தூக்கச் சொன்னார்கள். நாலாவது விஷயத்துக்கு ஆதரவாக மூன்று கைகள். அதில் ஒன்றும் பாதியில் இறங்கியது. உதய் அதைப் பேனாவால் குறுக்கே அடித்தான். லாபியில் காலை நேரத்தில் மெல்லப் பேச வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தான். “அது எனக்குத்தான் சார், எழுதிக்கங்க,” என்றாள் ராசாத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். லாஸ்யாவும் சிரித்துக்கொண்டே, “அவ சமையல்ல உப்புக் குறைஞ்சாக்கூட இனி நான் பயந்துதான் கேக்கணும்,” என்றாள்.

கூட்டம் கலைந்தது. ஆளுக்கொரு கப் டீயை எடுத்துக்கொண்டு வந்து ராசாத்தாளின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். டெல்லிக்காரர் ஒருவர் எந்தக் கோச்சிங் சென்டர் என்று கேட்டார். அவள் “ஷிப், சார்,” என்றாள். முகம் ஜொலித்தது. தறி ஓட்டிய காலத்தில்கூட அவளை இத்தனை பேர் ஒரே நேரத்தில் பார்த்ததில்லை.

கூட்டம் குறைந்ததும் பின்னால் போனாள். ஹபீபுன்னிசா காலிக் கப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக்கொண்டிருந்தாள். எல்லா வரிசையும் வெறிச்சோடிக் கிடந்தது.

“எப்படி அபிபு? எப்படிப் பேசுனேன்?”

“நல்லாப் பேசுனீங்கக்கா. கடைசில சொன்னது, அது புத்தகத்துலயே இல்லை.”

“இல்லைல்ல? நானே சொன்னது! நாளைக்குப் பதினொரு மணிக்குச் சோபாவுல உக்காந்துக்கறோம். நூத்தி நாப்பத்தி மூணு. சத்தியமா நான் ஒரு பக்கங்கூடத் திருப்பலை, டிக்கெட்டை வேணா பாத்துக்கோ.”

“பாக்க வேண்டாங்க. நம்பறேன்.”

“அப்புறம் ஏங்கண்ணு மூஞ்சி இப்படி இருக்குது? ஜெயிச்சுப்போட்டோமே!”

ஹபீபுன்னிசா அடுக்கிய கப்புகளை மேஜையில் வைத்தாள். முழங்காலைக் குனிந்து ஒரு தரம் பிடித்துவிட்டுக்கொண்டாள். பிறகு நிமிர்ந்து, கோபமும் இல்லாமல் சிரிப்பும் இல்லாமல், அந்த நாற்காலி வரிசைகளைப் பார்த்தபடியே சொன்னாள்:

“ரெண்டு மணி நேரம் இங்கதாங்கக்கா நின்னேன். பத்து நாற்காலிக்கு மேல காலியாக் கெடந்துது. ‘வந்து உக்காரு அபிபு’ன்னு ஒரு வார்த்தை, அதைத் தமிழ்லயே சொல்லியிருக்கலாமேங்க?”